ஆறுமுகம் அண்ணாச்சியின் பாதி வயிறு

உடல் எடையைக் குறைக்க வயிற்றைச் சிறிதாக்கும் அறுவை சிகிச்சைப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு நான் எழுதி என்ன ஆகப்போகிறது என்றுதான் முதலில் நினைத்தேன். உங்கள் கருவிகளின் பெயர்கூட எனக்குத் தெரியாது. நான் தென்காசியில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவள். எங்கள் காலத்தில் பருத்த உடம்பு என்றால் வீட்டில் நெல் இருக்கிறது என்று அர்த்தம். அதைக் குறைக்க யாரும் கத்திக்குக் கீழே போய்ப் படுக்கமாட்டார்கள்.

ஆனால் வயிற்றுப்புண் முற்றிப்போய், வேறு வழியில்லாமல் வயிற்றில் பாதிக்கு மேல் வெட்டி எடுத்து, மிச்சத்தைக் குடலோடு சேர்த்துத் தைத்து அனுப்பிய ஆட்கள் எங்கள் வார்டில் எப்போதும் இருந்தார்கள். எங்களுக்குக் காரணம் வேறு, உங்களுக்குக் காரணம் வேறு. வீட்டுக்குத் திரும்புகிறவர் எடுத்துப் போவது மட்டும் ஒன்றுதான்: ஒரு சின்ன வயிறும், அதற்கு இன்னும் பழகாத ஒரு பெரிய வாழ்க்கையும். அந்த வாழ்க்கையைப் பற்றி எனக்குக் கொஞ்சம் தெரியும். எனக்கு அதைக் காட்டிக்கொடுத்தவர் ஒரு சமையல்காரர்.

மேலகரத்து ஆறுமுகத்தை அந்த வட்டாரத்தில் தெரியாதவர்கள் குறைவு. கல்யாண வீடுகளில் விருந்து சமைக்கும் தவசுப்பிள்ளை அவர். குற்றாலத்தில் சீசன் வந்துவிட்டால், பங்களா எடுத்துத் தங்கும் பணக்காரக் குடும்பங்களுக்கும் அவர்தான் சமைப்பார். ஆள் நல்ல கனம். அடுப்படிக்குள் அவர் நுழைந்தால் வாசல் அடைபடும். எத்தனை இட்லி என்று கேட்டு அவருக்கு யாரும் பரிமாறியதில்லை. அவருடைய வயிறுதான் அவருடைய விளம்பரப் பலகை. ‘இவ்வளவு சாப்பிடுகிற மனுஷன் சமைத்தால் எப்படி இருக்கும்!’ என்று ஊர் பேசியது.

அப்படிப்பட்டவரை ஒருநாள் மாட்டுவண்டியில் படுக்கவைத்துக் கொண்டுவந்தார் அவருடைய மனைவி கோமதி. சாப்பிடுவதெல்லாம் வாந்தியாகப் போய், வயிறு கல்லாக இறுகியிருந்தது. வருஷக்கணக்காகப் புண்ணை அடக்கிவைத்துக்கொண்டு அடுப்பில் நின்றிருக்கிறார். எங்கள் பெரிய டாக்டர் அறுவை செய்தார். பெரிய டாக்டர் என்றுதான் நாங்கள் எல்லோரும் அவரைச் சொல்வோம். கை சுத்தமான கை. தையல் ஆறியது, காய்ச்சல் வரவில்லை, ஆறுமுகம் அண்ணாச்சி நடந்தே வீட்டுக்குப் போனார்.

போகும்முன் நான்தான் அவர்கள் இருவரையும் உட்காரவைத்துச் சொன்னேன். கொஞ்சம் கொஞ்சமாக, பல வேளையாகச் சாப்பிட வேண்டும். மென்று கூழாக்கி விழுங்க வேண்டும். சாப்பாட்டோடு சேர்த்துத் தண்ணீர் குடிக்கக் கூடாது. இனிப்பு கிட்டவே வரக் கூடாது. கோமதி ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்லிக்காட்டினார். அண்ணாச்சி மட்டும் சிரித்தார்.

“நர்சம்மா, நான் பாயசம் வைக்கிதவன். என்னயப் போயி இனிப்பு கிட்ட வரப்படாதுன்னு சொல்லுதியளே.”

சிரித்துக்கொண்டு சொன்னதால் நானும் சிரித்துவிட்டு அனுப்பினேன்.

அடுத்த சில மாதங்களில் ஆள் பாதியாகிவிட்டார். அவருக்கு நடக்க எளிதாக இருந்தது, முழங்கால் வலி போனது, இரவில் நிமிர்ந்து படுத்துத் தூங்க முடிந்தது. ஆனால் ஊர் வேறு மாதிரிப் பார்த்தது. அந்தக் காலத்தில் ஒருவர் சட்டென்று மெலிந்தால் மக்கள் முதலில் நினைப்பது காசநோயைத்தான். காசநோய்க்காரர் கையால் சமைத்ததை யார் சாப்பிடுவார்கள்? பாவூர்சத்திரத்துக் காய்கறி மார்க்கெட்டில், அவர் காதுபடவே, “தவசுப்பிள்ளைக்கு நெஞ்சுச்சளியாம்லா” என்று பேசியிருக்கிறார்கள். அவரைத் தேடிவந்த கல்யாணச் சமையல்கள் ஒவ்வொன்றாக நின்றன. இலத்தூரில் ஒரு பண்ணையார் வீட்டுக் கல்யாணம் மட்டும் பழைய பழக்கத்துக்காக அவருக்கு வந்தது. அது நன்றாக நடந்தால் ஊர் வாய் அடைபடும் என்று அவரும் கோமதியும் நம்பியிருந்தார்கள்.

அந்தக் கல்யாணத்துக்கு நானும் போயிருந்தேன். மணப்பெண் என் பள்ளித் தோழியின் தங்கை. தாலி கட்டி முடித்து, முதல் பந்திக்கு ஆட்களைக் கூப்பிட இருந்த நேரம். கொல்லைப்புறத்தில் பெரிய சத்தம் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தேன்.

வடை பொரியும் எண்ணெய்ச் சட்டிக்குப் பக்கத்திலிருந்து அண்ணாச்சியைக் கோமதி இரண்டு கையாலும் பின்னால் இழுத்துக்கொண்டிருந்தார். அண்ணாச்சியின் சட்டையில்லாத உடம்பு முழுக்க வேர்வை. கை நடுங்கியது. கரண்டியைப் பிடிக்கத் தெரியாமல் காற்றில் துழாவினார். “தேங்கா எங்க, தேங்கா எங்க” என்று, பக்கத்திலேயே துருவி வைத்திருந்த தேங்காயைப் பார்த்தபடியே கேட்டார். குரல் குழறியது.

பெண்ணின் தாய்மாமன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார்.

“குடிச்சிட்டு வந்து நிக்கான்! கல்யாண வீட்டு அடுப்புல குடிகாரப்பய! ஏலே, ஓடிப்போயி போலீசுக்குச் சொல்லுங்கலே!”

மதுவிலக்கு அமலில் இருந்த காலம் அது. குடித்தவன் என்று பிடித்துக் கொடுத்தால் ஜெயில். அதைவிட, ஒரு தவசுப்பிள்ளையைக் கல்யாண வீட்டிலிருந்து போலீஸ் கூட்டிப்போனால், அதன்பின் அந்த ஜில்லாவிலேயே அவர் கரண்டி பிடிக்க முடியாது.

நான் அவரைச் சுவரோரமாகச் சாய்த்து உட்காரவைத்தேன். உங்களுக்குச் சொல்ல வேண்டியது இந்த இடம்தான். வயிறு சின்னதானவருக்கு இந்த வேர்வையும் படபடப்பும் இரண்டு விதமாக வரும். இனிப்பைச் சாப்பிட்ட கையோடு வந்தால், அது வயிற்றில் நிற்காமல் குடலுக்குள் சட்டென்று இறங்கியதால் வருவது. படுக்கவைத்தால் தணியும், மேலும் இனிப்புக் கொடுத்தால் கெடுதல். சாப்பிட்டு வெகுநேரம் கழித்து வந்தால் கதை வேறு. இனிப்பு இரத்தத்தில் மளமளவென்று ஏறி, உடம்பு அதை அடக்கக் கிளம்பி, அடக்கியது அளவுக்கு மிஞ்சிப்போய், சர்க்கரை அடியோடு இறங்கிவிட்ட நிலை. அப்போது இனிப்புத்தான் மருந்து. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கும். சோதித்துப் பார்க்க என்னிடம் ஒரு கருவியும் இல்லை. கேள்வி மட்டும்தான் இருந்தது.

“கோமதியக்கா, அண்ணாச்சி கடைசியா என்ன சாப்பிட்டாக?”

“ஒண்ணுமே சாப்பிடலயே. விடியக்கருக்கல்ல இருந்து அடுப்புலதான் நிக்காக.”

“பதம் பாத்திருப்பாகல்ல?”

“பாயசம் பாத்தாக. உள்ளங்கையில ஊத்தி ஊத்தி நெறையத் தடவ பாத்தாக. இன்னிக்கு நல்லா வரணும்னு அவுகளுக்கு ஒரே பயம்.”

“அது எப்ப?”

“அது எறக்கி எம்புட்டு நேரமாச்சு! பெறவுதான அவியல் வச்சு, சாம்பார் வச்சு, இப்ப வடைக்கு வந்தாக.”

எனக்குப் போதுமாக இருந்தது. “ஒரு தம்ளர்ல தண்ணி ஊத்தி, சீனி போட்டுக் கொண்டாங்க” என்றேன்.

கோமதி அசையவில்லை. யாரோ கரைத்துக் கொண்டுவந்த தம்ளரையும் தன் கையில் பறித்து வைத்துக்கொண்டார்.

“சீனியத் தொடப்படாதுன்னு சொன்னியளே நர்சம்மா! சீனிதான் இவுகளுக்கு எமன்னு பெரிய டாக்டரு சொன்னாகளே! நான் குடுக்க மாட்டேன்.”

அவர் கண்ணில் இருந்த பயத்தை என்னால் இன்றைக்கும் மறக்க முடியவில்லை. நாங்கள் சொன்னதை ஒரு சொல் பிசகாமல் காப்பாற்றுகிற பெண் அவர். கையைப் பிடித்து இழுத்து வாங்க எனக்கு மனம் வரவில்லை.

“அக்கா, அன்னிக்கு ஆகாதுன்னு சொன்னவளும் நான்தான், இப்ப குடுக்கச் சொல்லுதவளும் நான்தான். இவுகளுக்கு வயித்துல இனிப்பு கூடிப்போகல. ரத்தத்துல இல்லாமப் போச்சு. இப்ப குடுக்கலேன்னா நெனப்புத் தப்பிரும். என்னய நம்புங்க.”

அவர் ஒரு கணம் என் முகத்தைப் பார்த்தார். பிறகு தம்ளரை நீட்டினார்.

அண்ணாச்சியால் விழுங்க முடிகிறதா என்று முதலில் ஒரு வாய் தண்ணீர் கொடுத்துப் பார்த்தேன். பிறகு சீனித்தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டினேன். அதற்குள் தாய்மாமன் தலைக்கு மேலே நின்று கத்திக்கொண்டிருந்தார். அவரைப் பார்த்து, “நீங்களே குனிஞ்சு இவுக மூச்ச மோந்து பாருங்க” என்றேன். கோபத்தில் இருந்தவர்தான், ஆனால் நியாயஸ்தர். குனிந்தார். நிமிர்ந்தபோது குரல் இறங்கியிருந்தது.

“ஏலக்கா வாசந்தான் வருது.”

பிறகு அவரே ஒரு விசிறியை எடுத்து வந்து வீச ஆரம்பித்தார்.

நடுக்கம் மெல்ல நின்றது. அண்ணாச்சியின் பார்வை தெளிந்தது. சுற்றி நின்ற கூட்டத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அடுப்பைப் பார்த்தார்.

“எண்ண காயுதே! வடைய யாரு பாக்கா?”

கோமதி அங்கேயே முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். நான் அவருக்கு உடனே கொஞ்சம் பருப்புச் சோறு ஊட்டச் சொன்னேன். சீனியோடு விட்டால் இரத்தத்தில் சர்க்கரை மறுபடியும் இறங்கும். விருந்து கொஞ்சம் தாமதமாக நடந்தது. சாப்பாட்டில் யாரும் குறை சொல்லவில்லை. பயந்தபடி போலீஸும் வரவில்லை. அதைவிட, அவருக்கு இருப்பது நெஞ்சுச்சளி இல்லை, வயிற்றில் அறுவை நடந்த ஆள் என்று அன்றைக்குப் பந்தியில் உட்கார்ந்த எல்லோருக்கும் தெரிந்துபோயிற்று. அதைச் சொல்லிப் பரப்பியவர் அந்தத் தாய்மாமன்தான்.

மறுநாள் பெரிய டாக்டரிடம் நடந்ததைச் சொன்னேன். பாராட்டுவார் என்று கொஞ்சம் எதிர்பார்த்தேன். அவர் எவ்வளவு சீனி, பிறகு என்ன கொடுத்தாய் என்று கேட்டார். பிறகு சொன்னார்:

“ஆஸ்பத்திரியில எப்படிச் சாப்பிடணும்னு அவருக்குச் சொல்லிக் குடுத்து அனுப்பியிருக்கோம். அவர் ஆஸ்பத்திரியிலயா இருக்கார்? நீ ஒரு நாள் போயி அவர் அடுப்படியில உக்காரு. ஒண்ணும் சொல்லாதே. பாத்துட்டு மட்டும் வா.”

சீசன் தொடங்கியிருந்தது. குற்றாலத்தில் மதுரைக்காரர் ஒருவர் பங்களா எடுத்து, குடும்பத்தோடும் சொந்தபந்தங்களோடும் தங்கியிருந்தார். அண்ணாச்சிதான் சமையல். சாரல் விடாமல் தூறிக்கொண்டிருந்தது. அருவியில் குளித்துவிட்டு வருகிறவர்களுக்கு வருகிற பசியை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அலையலையாக வந்து உட்கார்ந்தார்கள். நான் விறகுக் கட்டுக்குப் பக்கத்தில் ஒரு முக்காலியில் உட்கார்ந்து பார்த்தேன்.

தெரிந்து அவர் எந்த விதியையும் மீறவே இல்லை. அதுதான் எனக்கு ஆச்சரியம். வீட்டில் கொடுத்த ஒவ்வொரு வேளையையும் ஒழுங்காகச் சாப்பிடுகிறவர், அடுப்புப் பற்றவைத்தபின் சாப்பாடு என்பதையே மறந்துபோனார். நின்றது நின்றபடி. களைப்புக்குக் காப்பி, அதில் சீனி. உள்ளங்கையில் குழம்பு, உள்ளங்கையில் பாயசம், அதை அவர் சாப்பாடு என்று கணக்கில் எடுக்கவே இல்லை. அது தொழில். “இனிப்புச் சாப்பிட்டீர்களா” என்று வார்டில் நாங்கள் கேட்டால் அவர் “இல்லை” என்றுதான் சொல்லியிருப்பார். பொய்யும் இல்லை.

மத்தியானத்துக்குப் பிறகு நானும் அண்ணாச்சியும் கோமதியும் தாழ்வாரத்தில் உட்கார்ந்தோம். பார்த்ததைச் சொன்னேன். அண்ணாச்சி மறுக்கவில்லை.

“எல்லாஞ் சரி நர்சம்மா. பதம் பாக்காமப் பாயசத்த எறக்கச் சொன்னா, அது கண்ணக் கட்டிக்கிட்டு வண்டி ஓட்டுத மாதிரில்லா.”

“ஏன், எனக்கு நாக்கு இல்லையா?” என்றார் கோமதி.

அண்ணாச்சி சிரித்தார். காய் நறுக்கவும் தேங்காய் துருவவும்தான் கோமதி கூட வருவார். அதுவரை ருசி பற்றி ஒரு வார்த்தை அவரிடம் யாரும் கேட்டதில்லை. கோமதி எழுந்துபோய், சாயங்காலத்துக்குக் கொதித்துக்கொண்டிருந்த சிறுபருப்புப் பாயசத்தை ஒரு சொட்டு உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்தார்.

“சுக்கு தூக்கலா நிக்கி. இன்னும் ஒரு கை வெல்லம் போட்டா சரியாப் போவும்.”

அண்ணாச்சி சிரிப்பை நிறுத்தினார். தானும் போய் விரல் நுனியில் தொட்டுப் பார்த்தார். வெல்லத்தை அள்ளிப் போட்டார். அன்று முதல் மூக்கு அவருடையது, நாக்கு கோமதியுடையது. கொஞ்ச நாளில், பங்களாக்காரர்கள் பாயசத்தைப் புகழும்போது அண்ணாச்சி மனைவியைக் கைகாட்டத் தொடங்கினார்.

இன்னொன்றுதான் அவருக்குக் கஷ்டமாக இருந்தது. பந்தி தொடங்கும்முன் அவர் உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்றேன். விருந்தாளிகள் காத்திருக்க, சமையல்காரன் முதலில் சாப்பிடுவதா என்று கூசிப்போனார். அதை நான் வற்புறுத்தவில்லை. என்ன சாப்பிடுவது என்பதை மட்டும் மூவரும் பேசி முடித்தோம். டாக்டர் முட்டை என்றிருந்தார்; இவர் சைவம். கோமதிதான் உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும் சொன்னார். காலையிலேயே பொங்கி எடுத்துப் போகலாம், கொஞ்சம் தின்றாலும் தாங்கும், அவருக்கும் அது சின்ன வயதிலிருந்தே பிடித்தது. பிடித்தது என்பதை நான் பெரிதாக மதிக்கிறேன். பிடிக்காததை ஒரு மாதம் சாப்பிடலாம். அவர் சாகும்வரை சாப்பிட வேண்டியவர்.

எல்லாம் அதோடு சரியாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். ஆபத்து, ஆள் நன்றாக இருக்கும்போது வருகிறது. சின்ன வயிறால் சாப்பாட்டிலிருந்து எடுக்க முடியாத சத்துக்காக இரும்புச்சத்து மருந்தும் மாதாமாதம் ஊசியும் கொடுத்துவந்தோம்; இரண்டு சீசன் போனபின் அண்ணாச்சி இரண்டையும் நிறுத்திவிட்டார். உடம்பு கல்லுமாதிரி இருக்கும்போது ஊசி எதற்கு என்பது அவர் கேள்வி. கோமதி ஒருநாள் அவரைக் கையோடு கூட்டிவந்தார். “செண்பகாதேவி கோயிலுக்கு மல ஏறுதப்ப பாதி வழியில உக்காந்துட்டாக நர்சம்மா. உதடு சுண்ணாம்பாட்டம் வெளுத்துப்போச்சு” என்றார். நான் திட்டத் தயாராக வாயைத் திறந்தேன். பெரிய டாக்டர் என்னைக் கையமர்த்திவிட்டு, அண்ணாச்சியிடம், “சாம்பார்ல உப்பு நேத்துப் போட்டாச்சுன்னு இன்னிக்குப் போடாம விடுவீகளா?” என்று மட்டும் கேட்டார். அண்ணாச்சி சட்டைக் கையைச் சுருட்டி, ஊசிக்குக் கையை நீட்டினார். அதற்குப் பிறகு அவர் எங்களிடம் வராத மாதம் இல்லை. வரும்போதெல்லாம் அறுவைக்குக் காத்திருக்கிறவர்கள் பக்கத்தில் போய் உட்கார்ந்து பேசுவார். நாங்கள் சொன்னால் நம்பாதவர்கள் அவர் சொன்னால் நம்பினார்கள்.

அவர் மாறிவிட்டார் என்று எனக்கு உறுதியான நாள் வேறு. அது என் சொந்தத் தங்கையின் கல்யாணம். தென்காசியில் எங்கள் வீட்டு முன்னால் பந்தல் போட்டிருந்தோம். அண்ணாச்சியும் கோமதியும்தான் சமையல். முகூர்த்தம் முடிந்து, மாப்பிள்ளை வீட்டார் பந்தியில் உட்கார்ந்தாயிற்று, இலையும் போட்டாயிற்று. சோறு வரவில்லை. அவர் கண்ணால் பார்த்து அனுப்பாமல் ஒரு பாத்திரமும் பந்திக்குப் போகாது என்பது பரிமாறுகிறவர்களுக்குத் தெரியும்.

அப்பா வேர்த்து விறுவிறுத்து என்னிடம் வந்தார்.

“ஏட்டி, சம்பந்திக்காரங்க வெறும் எலயப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்காங்க. என்னதான் செய்யுதாரு ஒங்க அண்ணாச்சி?”

நான் அடுப்படிக்குப் போனேன். சோறு வடித்திருந்தது, எல்லாம் தயாராக இருந்தது. அண்ணாச்சி ஒரு பலகையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, சின்ன இலைத்துண்டில் உளுந்தஞ்சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவசரமில்லாமல் மென்றார். கோமதி பக்கத்தில் நின்று, கரண்டியோடு வந்த இரண்டு ஆட்களை உள்ளே விடாமல் மறித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் அண்ணாச்சி எழுந்துவிடுவார் என்று நினைத்தேன். எழவில்லை. வாயில் சோறு இருந்ததால் பேசவும் இல்லை. இடது கையை மட்டும் உயர்த்தி, ‘பொறுங்க’ என்று காட்டினார்.

நான் திரும்பி வந்தேன்.

“அண்ணாச்சி சாப்பிடுதாகப்பா. முடிச்சதும் சோறு வரும்.”

“சம்பந்திகிட்ட நான் என்னன்னு சொல்ல?”

“அதையே சொல்லுங்க.”

அப்பா என்னை ஒருமுறை முறைத்துப் பார்த்தார். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய், மாப்பிள்ளையின் தகப்பனார் காதில் சொன்னார். அந்தப் பெரியவர் என்ன சொல்வாரோ என்று நான் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் சிரித்தார். “சமைச்சவுக பசியாறட்டும். எங்களுக்கு என்ன ரயிலா போவுது?” என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டு, நாதஸ்வரக்காரரைப் பார்த்து இன்னொரு கீர்த்தனம் வாசிக்கச் சொன்னார்.

பந்தல் நிறைய ஆட்கள், இலைக்கு முன்னால் உட்கார்ந்து, சமையல்காரர் சாப்பிட்டு முடிப்பதற்காகக் காத்திருந்தோம். காலையிலிருந்து ஓடியாடியதில் எனக்கு நல்ல பசி. அவ்வளவு சந்தோஷமாக நான் அதற்குப் பிறகு ஒருநாளும் பசித்திருந்ததில்லை.